மருமகளை அழவைக்கும் கிழங்கு

குமெர்சிந்தோ சுல்கா இருபத்திரண்டு வருஷமாக வெளிநாட்டுக்காரர்களை மலைமேல் இடிந்து கிடக்கிற பழைய ஊருக்குக் கூட்டிப்போகிறான். பழைய ஊரை அவன் பார்த்ததில்லை.

இது எங்கள் பக்சாபாட்டாவில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் தெரியாது. நாலு நாள் நடை, மூன்று கணவாய். கூடாரம், அடுப்பு, அரிசி மூட்டை, மலையை உட்கார்ந்து பார்ப்பதற்கென்று மடக்கு நாற்காலிகள் வேறு. அத்தனையும் குமெர்சிந்தோவின் ஆறு குதிரைகள் மேலும் ஒரு கோவேறு கழுதை மேலும் ஏறிவிடும். மூன்றாம் நாள் சாயங்காலம் சௌபிபாம்பா புல்வெளியில் போய் இறங்கினால் அங்கே ஒரு கல் வாசல் நிற்கிறது. குளம்புள்ள எதுவும் அதைத் தாண்டக் கூடாது என்பது காவல்காரர்கள் போட்ட சட்டம். அங்கிருந்து ஆயிரத்து நானூறு படி. மறுநாள் காலையில் வந்தவர்கள் ஏறுவார்கள். குமெர்சிந்தோ புல்லில் கம்பளியை விரித்து, கோக்கா இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, குதிரைகளுக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவான்.

ஏறினவர்கள் இறங்கி வந்து, அடடா என்ன அழகு என்று சொல்லும்போது அவனும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவான். காலை வெயில் முதலில் எந்தக் கல்லில் விழும், எந்தச் சுவரில் பூமா என்கிற மலைச்சிங்கத்தின் முகம் தெரியும், எல்லாம் கேட்டால் சொல்வான். அத்தனையும் வழிகாட்டிகள் பேசிக் காதில் விழுந்ததுதான். ஒரு தரம் ஒரு அம்மாள் அவன் சொன்னதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனாள். அதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறாளோ, மலைச்சாமிக்கே வெளிச்சம்.

அவன் ஏறாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் ஆசைப்பட்டு ஒரு தடவை படியில் கால் வைத்தான். நாற்பது படி ஏறியிருப்பான். திரும்பிப் பார்த்தால் செவலைக் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் தேடினான். கிடைத்தபோது அதற்கு ஒரு கால் ஒடிந்திருந்தது. அதற்கப்புறம் என்ன செய்தான் என்பதை அவன் சொன்னதில்லை, எங்களில் யாரும் கேட்டதுமில்லை. அன்றிலிருந்து அவன் குதிரைகளை விட்டு இருபது அடி தள்ளிப் போனால் அதிசயம். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் கதவைப் பார்த்துத்தான் உட்காருவான், வெளியே கட்டியிருக்கிறதைப் பார்க்க வேண்டுமே.

இப்படி இருந்தவனுக்கு நாற்பத்தேழு வயதில் பெண்ணாசை வந்தது.

பெண் காசிமிரா. அதே நடைப்பயணங்களில் ஆறு வருஷமாகச் சமையல்காரி. புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப்போனதற்கு அடுத்த வருஷம் இந்த வேலைக்கு வந்தாள். பனி உறைகிற உயரத்தில், காற்று கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிற இடத்தில், ஒரு அடுப்பையும் ஒரு குண்டானையும் வைத்துக் கேக் சுட்டுக் கொடுக்கிறவள். கைவேலை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். குமெர்சிந்தோ ஆறு வருஷமும் அவள் பாத்திர மூட்டையை மட்டும் தன் கையாலேயே ஏற்றி, தன் கையாலேயே இறக்கிக்கொண்டிருந்தான். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

இந்த வருஷம் ஜூன் மாதம் அவள் வயலில் கிழங்கு தோண்டினார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கூலி கிடையாது. இன்றைக்கு உன் வயலில் நான், நாளைக்கு என் வயலில் நீ. ஒரு நாள் வந்தால் போதும் என்ற இடத்தில் குமெர்சிந்தோ மூன்று நாள் வந்தான். முதல் நாளே ஊர் கண்ணடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் மண்கட்டி அடுப்பில் சுட்ட கிழங்கை உரித்துத் தின்றுகொண்டிருந்தபோது அவன் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"என் வீட்டுக் கூரை இந்த மழையில ஒழுகல" என்றான்.

"நல்லது" என்றாள் காசிமிரா.

"ஒரு ஆளுக்கு அது பெரிய வீடு."

அவள் கையில் இருந்த கிழங்கைத் தின்று முடித்தாள். உப்பை நக்கினாள். அப்புறம் சொன்னாள். "ஒங்கம்மா உசுரோட இருந்தா என் கையில ஒரு கிழங்கைக் குடுத்து உரிச்சுக் காட்டுன்னு சொல்லியிருக்கும். இல்லையா?"

"அம்மாதான் போய்ச் சேந்துட்டாளே."

"நான் இருக்கேன்ல. நான் ஒருதரம் உரிச்சாச்சுய்யா. இந்தத் தடவை நீ உரி."

எங்கள் பக்கத்தில் ஒரு கிழங்கு உண்டு. பெயரே மருமகளை அழவைப்பது. சீதாப்பழத்தைப் போல உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக, ஒவ்வொரு முண்டுக்கு நடுவிலும் ஒரு குழியும் குழிக்குள் ஒரு கண்ணுமாக இருக்கும். பெண் வீட்டுக்குள் வரும் முன்னால் மாமியார் அதைப் பச்சையாக அவள் கையில் கொடுப்பாள். தோல் காகிதம்போல வர வேண்டும், சதை போகக் கூடாது. இது பொம்பளைகள் சமாசாரம். ஆம்பளைகள் அந்த நேரம் வெளியே நின்று சோளக் கள் குடித்துக்கொண்டிருப்பார்கள். குமெர்சிந்தோ அந்தக் கிழங்கை ஆயிரம் தடவை தோண்டியிருக்கிறான், தின்றிருக்கிறான், கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தது கிடையாது.

காசிமிரா இருபது வயதில் உரித்தாள். அவள் மாமியார் தோலை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்து, "வெளிச்சம் தெரியலையே" என்றாளாம். தெரிந்தது என்றுதான் அங்கே இருந்த மற்ற பெண்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆனால் மாமியார் வாயிலிருந்து வந்துவிட்டதே. அதற்குப் பிறகு பதினாறு வருஷம், ரொட்டி கருகினாலும் ஆடு காணாமல் போனாலும் பிள்ளை பிறக்காவிட்டாலும், அன்றைக்கே வெளிச்சம் தெரியலையே என்றுதான் அந்த வீட்டில் பேச்சு.

"இங்க வேண்டாம்" என்று காசிமிரா குரலைத் தணித்தாள். "அடுத்த நடையில, மேல பழைய ஊர்ல வச்சு உரி. நானும் அதைப் பாத்ததில்ல. ரெண்டு பேரும் ஏறுவோம். ஏறுவேல்ல?"

குமெர்சிந்தோவின் கண் தன்னாலே வரப்பில் கட்டியிருந்த குதிரைகள் பக்கம் போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறுவேன் என்று அவன் சொல்வதற்குள் ஒரு கிழங்கு ஆறிப்போயிருக்கும்.

குரலைத் தணித்தது ஒன்றும் உதவவில்லை. வயலில் இருந்த பதினோரு பேரும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் காசிமிரா தோண்டிப் போட்டிருந்த குவியலுக்குப் போனாள். உட்கார்ந்தாள். ஒரு கிழங்கை எடுத்தாள், திருப்பினாள், போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். வெயில் அந்தப் பக்கத்து மலைக்குப் போகும்வரை இதுதான் வேலை. பெண்கள் சால்வை நுனியில் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். இருக்கிறதிலேயே மோசமானதைப் பொறுக்குகிறாள், தொலைந்தான் பையன் என்றார்கள். கடைசியில் ஒன்றைத் துணியில் சுற்றி, யாருக்கும் காட்டாமல் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். அவன் அதை வீட்டில் பிரித்துப் பார்த்தான். பதினேழு முண்டு எண்ணினான். அன்றையிலிருந்து அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நடை கிளம்பியது. டென்மார்க்கிலிருந்து இரண்டு அக்கா தங்கைகள், இருவருமே வாத்தியாரம்மாக்கள். ஹாலந்திலிருந்து யோஸ்ட் என்ற நெட்டைக்காரரும் அவர் மனைவியும். வழிகாட்டி வில்பெர்ட், குஸ்கோ நகரத்துப் பையன், படித்தவன். எந்தக் கல்லுக்கும் வருஷம் சொல்வான், எந்தக் குதிரைக்கும் பயப்படுவான். கிழங்கு குமெர்சிந்தோவின் கழுத்தில், கோக்கா இலைப் பைக்குள், துணியில் சுற்றியபடி தொங்கியது.

முதல் நாள் சாயங்காலம் கூடாரம் போட்டு முடித்ததும் அவன் வழக்கம்போலக் குதிரைகளிடம் போகவில்லை. சமையல் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, உரிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். காசிமிரா ஒரு வாளி கிழங்கையும் ஒரு கத்தியையும் நகர்த்தினாள். சாதாரணக் கிழங்கு, வழவழப்பானது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வாளியில் கிழங்கு பாதியாகிவிட்டது, தோல் மலையாகிவிட்டது, கட்டைவிரலில் ரத்தம். அன்றைய சூப்பில் உருளைக்கிழங்கு இருந்ததாக விருந்தாளிகள் நம்பினார்கள். நல்ல மனுஷர்கள்.

தோலையெல்லாம் என்ன செய்வது? அவனுடைய கோவேறு கழுதைக்குப் போட்டான். அதன் பெயர் டாக்டர். எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்து, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, யோசித்து, அப்புறம்தான் வாய் வைக்கும். அதனால் அந்தப் பெயர். அன்றைக்கும் டாக்டர் தோல் குவியலை வெகுநேரம் பரிசோதித்தது. பிறகு ஒரே மூச்சில் காலி செய்தது. தோல் என்றுதான் பெயர், பாதி கிழங்கு அதில்தானே இருந்தது.

இரண்டாம் நாள் பெரிய கணவாய். உச்சியில் கல் குவியல் இருக்கும், போகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டு, மூன்று கோக்கா இலையை விரலிடையில் விசிறியாகப் பிடித்து மலைச்சாமிக்கு ஊதிவிட்டுப் போவார்கள். குமெர்சிந்தோ வழக்கமாகக் குதிரைகளின் கால்களுக்காக ஊதுகிறவன். அன்றைக்கு முதலில் கைகளுக்காக ஊதினான். பிறகு மனசு உறுத்தி, கால்களுக்காக இன்னொரு மூன்று இலை. இரண்டு வேண்டுதல் ஒரே நாளில் வைத்தால் மலைச்சாமி எதைக் கேட்கும் என்ற கவலையில் இறக்கம் முழுவதும் நடந்தான்.

சாயங்காலம் மறுபடி வாளி. இந்தத் தடவை யோஸ்ட் வந்து கால்களை மடக்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நாட்டில் கிழங்கு மிகப் பிரபலம் என்றும், அதை உரிக்கச் சரியான முறை இருக்கிறது என்றும் வில்பெர்டை மொழிபெயர்க்கச் சொல்லி விளக்கினார். எங்கள் மலையிலிருந்துதான் அந்தக் கிழங்கு அவர் நாட்டுக்குப் போனது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பையிலிருந்து தோல் சீவுகிற கருவி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். ஊர் விட்டு ஊர் வருகிறவர் இதை எதற்குச் சுமந்துகொண்டு வந்தாரோ. வழவழப்பான கிழங்கில் அது பிரமாதமாக ஓடியது. குமெர்சிந்தோ முகம் மலர்ந்து, கழுத்துப் பையிலிருந்த கிழங்கை எடுத்து அதன் முண்டுகளுக்கு மேல் கருவியைச் சும்மா வைத்துப் பார்த்தான். முண்டில் இடித்தது, குழியில் விழுந்தது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான். காசிமிரா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. புகைதான் என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனுஷனுக்குப் படிந்துவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் சௌபிபாம்பாவில் அவன் உரித்த தோல் ஒரே சுருளாக, ஈரத்துணிபோல மெல்லிசாக வந்தது. அந்தச் சுருளைத் தானே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். காசிமிரா பார்க்காததுபோலப் பார்த்தாள். டாக்டருக்கு மட்டும் அன்றைக்கு ஏமாற்றம். மூன்று நாளில் அது கிழங்கு ருசி கண்டுவிட்டிருந்தது. சமையல் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, துணிச் சுவரை மூக்கால் தள்ளி, கிடைத்த மெல்லிசுத் தோலை அவசரமாக ஒரு தரம் முகர்ந்து விழுங்கிவிட்டு இன்னும் கேட்டு நின்றது.

நாலாம் நாள் காலை. வில்பெர்ட் தன் நால்வரையும் கூட்டிக்கொண்டு கல் வாசலைத் தாண்டினான். காசிமிரா புதுத் தொப்பி வைத்து, முதுகில் சால்வையைக் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனாள். முதல் வளைவில் நின்று திரும்பிப் பார்த்தாள். கூப்பிடவில்லை. பார்த்துவிட்டு ஏறினாள்.

குமெர்சிந்தோவுக்குப் பொழுது போதவில்லை. புல்வெளியோரம் குடியிருக்கிற தோரிபியா என்ற பெண், வருகிறவர்களுக்குக் குல்லாய் பின்னி விற்கிறவள், குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் அவன் ஏழு கயிற்றையும் இரண்டிரண்டு முடிச்சாகப் போட்டான். போட்டதை அவிழ்த்துத் திரும்பப் போட்டான். பிறகு ஒவ்வொன்றிடமாகப் போய்ச் சொல்லிக்கொண்டான். போய்ட்டு வந்துடறேன், அரை நாள்தான், பள்ளத்துப் பக்கம் பார்க்கக்கூடப் பார்க்காதே. சொல்லச் சொல்லச் செவலையின் ஞாபகம் வந்தது. கடைசியில் டாக்டர். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெற்றியை அதன் பிடரியில் வைத்துக் கொஞ்சநேரம் அப்படியே நின்றான்.

கறுக் என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொரு கறுக்.

விலகிப் பார்த்தான். இலைப்பை திறந்து தொங்கியது. டாக்டரின் வாயோரம் துணி நுனி நீட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அது முகராமல் யோசிக்காமல் ஒரு காரியம் செய்திருந்தது. அவன் வாயைப் பிளந்து கையை விட்டான். துணி வந்தது. கிழங்கு போயே போய்விட்டது.

வில்பெர்ட் முதல் வளைவிலிருந்து ஆளைக் காணோமே என்று இறங்கி வந்து பார்த்தால், குமெர்சிந்தோ புல்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டு வில்பெர்ட் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். படித்தவன் அல்லவா, யோசனையும் அவனே சொன்னான்.

"இதுக்குப் போயி ஏண்ணே இப்படி உக்காந்துட்டீங்க? தோரிபியா அக்கா வீட்டுல அதே கிழங்கு இருக்காதா? ஒண்ணு வாங்கிட்டுப் போங்க. கிழங்குல பேரா எழுதியிருக்கு?"

எங்கள் மலையில் பிறந்த ஒரு சமையல்காரியிடம் ஒரு கிழங்கை இன்னொரு கிழங்கு என்று சொல்லி ஏமாற்றலாம் என்று நகரத்துப் பையன் நினைக்கலாம். குமெர்சிந்தோவுக்கு எங்கே போனது புத்தி? பயம் வந்தால் புத்தி குதிரையைவிட வேகமாக ஓடிவிடும். தோரிபியாவிடம் போய்க் கேட்டான். அவள் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு என்றான். அவளுக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய்ச் சாக்கைக் கவிழ்த்து, தன் ஆயுசிலேயே கண்ட மகா கோரமான ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தாள். முண்டுக்கு மேல் முண்டு, அதற்கு மேல் ஒரு குட்டி முண்டு. கைப்பிடி கோக்கா இலைக்கு மாற்றாக அதைக் கொடுத்து, "பாவம் அந்தப் பொண்ணு" என்றாள்.

அவன் ஏறினான். நாற்பதாவது படியில் நின்றான். குதிரைகள் இருந்தன. நூறாவது படியில் நின்றான். இருந்தன. இப்படியே பத்துப் படிக்கு ஒரு தரம் எண்ணிக்கொண்டு போனவன், பாதி வழியில் ஒரு பாறைத் திருப்பத்துக்கு வந்தான். அதைத் தாண்டினால் புல்வெளி தெரியாது. வில்பெர்ட் தாண்டிப் போய்விட்டான். குமெர்சிந்தோவின் கால் நகரவில்லை. மேலே பார்த்தான். படியின் உச்சியில் காசிமிராவின் தொப்பி மட்டும் தெரிந்தது. அவளும் ஊருக்குள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். கீழே ஒரு தடவை ஏழும் எண்ணினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரும்பத் திரும்ப மூன்று இலையை ஊதுகிறதுபோல உதட்டைக் குவித்துக்கொண்டு, திருப்பத்தைத் தாண்டி உச்சிக்கு ஏறினான்.

"வந்துட்டியா" என்றாள் அவள். அவன் மூச்சு வாங்குவதைப் பார்த்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மலையில் பிறந்தவனுக்குப் படியேறியா மூச்சு வாங்கும்?

இருபத்திரண்டு வருஷம் வர்ணித்த ஊரை அவன் கடைசியில் கண்ணால் பார்த்தான். பூமா முகம் தெரிகிற சுவரை ரொம்ப நேரம் பார்த்தும் அவனுக்குப் பூமா தெரியவில்லை. ஆனால் படிப்படியாக இறங்கிய வயல்களைப் பார்த்ததும் வாய் திறந்தது. வடக்குப் பார்த்த நிலம், நாள் முழுக்க வெயில், வாய்க்கால் வேறு வெட்டியிருக்கிறது, ஒரு செடி கிடையாதே, வெறும் புல்லாகக் கிடக்கிறதே என்று வயிறெரிந்தான். காசிமிரா ஒரு கூரையில்லாத அறைக்குள் போய் மூலையைத் தடவிப் பார்த்தாள். இதுதான் சமையலறை, கல் இன்னும் கருப்பாக இருக்கிறது, ஆனால் கதவை எவன் இந்தப் பக்கம் வைத்தான், காற்று அடுப்பை அணைத்திருக்குமே என்றாள். வெளியே வில்பெர்ட் அந்த அறையில் அரசன் தியானம் செய்ததாக நால்வருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான்.

அப்புறம் இரண்டு பேரும் ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள். காசிமிரா சால்வையைக் கல்லில் விரித்தாள்.

"எடு" என்றாள்.

அவன் எடுத்து வைத்தான். அவள் அந்தக் கிழங்கைப் பார்த்தாள். கையில் எடுத்தாள். ஒரு முறை திருப்பினாள், இரண்டாம் முறை திருப்பினாள்.

"இது என்னய்யா?"

"நீ குடுத்ததுதான்."

"என் வயல் மண்ணு கறுப்பு. இது கண்ணுல செம்மண்ணு ஒட்டியிருக்கு."

"வழியில புழுதி" என்றான் அவன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"சரி, புழுதி. மூணு வாரத்துல கிழங்குக்குப் புதுசா மூக்கு முளைக்குமா? இத பாரு, மூக்கு. மூக்கு மேல இன்னொரு மூக்கு."

குமெர்சிந்தோ குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். எல்லாம் முடிந்தது என்று தெரிந்த பிறகு அவனுக்குப் பேச்சு வந்தது. குதிரைகளிடம் சொல்லிக்கொண்டது, டாக்டர் கழுத்தைக் கட்டிக்கொண்டது, கறுக் என்ற சத்தம், தோரிபியா வீட்டுச் சாக்கு, ஒன்று விடாமல் சொன்னான். வில்பெர்ட் பெயரை மட்டும் விட்டுவிட்டான். அது அவன் பெருந்தன்மை.

"தின்னுடுச்சா" என்றாள் காசிமிரா. "முழுசாவா?"

"முழுசா."

"தோலோட?"

"தோலோட."

அவள் உதட்டை இறுக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வெடித்துக்கொண்டு வந்தது சிரிப்பு. கல் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. டென்மார்க் அக்கா தங்கைகள் திரும்பிப் பார்த்து, காரணம் தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள். காசிமிரா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்தும் கொஞ்சநேரம் அந்த நுனியைக் கண்ணிலேயே வைத்திருந்தாள்.

"ஏய்யா" என்றாள். "அன்னைக்கு மத்தியானம் பூரா குவியல்ல நான் என்ன தேடினேன்னு நெனச்ச?"

"இருக்கறதுலயே மோசமானதை."

"ஊரும் அப்படித்தான் நெனச்சுது. சிரிச்சாளுக, பாத்தேன்." அவள் தோரிபியாவின் கிழங்கைக் கீழே வைத்தாள். "இருக்கறதுலயே வழவழன்னு ஒண்ணு கிடைக்குமான்னு தேடினேன். அந்த இனத்துல அப்படி ஒண்ணு கிடைக்கறது லேசா? இடுப்பு விட்டுப்போச்சு. பதினேழு முண்டுதான் இருந்துச்சு அதுல. முப்பதுக்குக் கம்மியா நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

அவன் பார்த்ததில்லை. அவன் எதையுமே பார்த்ததில்லை. மூன்று வாரம் சாப்பாடு இறங்காமல், கை வெட்டி, மலைச்சாமியைத் தொந்தரவு செய்து திரிந்தவனுக்கு, வயலிலேயே அன்றைக்கே முடிந்துபோன காரியம் இது என்று இப்போதுதான் உறைத்தது. முகத்தைக் குல்லாயால் மூடிக்கொண்டான். நாற்பத்தேழு வயது ஆம்பளை அழுததை வேறு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நான் சொல்கிறேன், அழுதான்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு இடுப்புக் கத்தியை எடுத்தான். தோரிபியாவின் கிழங்கையும் எடுத்தான்.

"அதான் வேண்டாம்னு ஆயிடுச்சேய்யா" என்றாள் அவள்.

"மூணு நாள் பழகியிருக்கேன்" என்றான் அவன்.

ஒரு மணி நேரம் ஆனது. முண்டுக்கு மேல் முண்டு, அதற்கு மேல் குட்டி முண்டு, அத்தனையையும் சுற்றிச் சுற்றிக் கத்தி நுனி போனது. அரசனின் தியான அறையை விட்டுவிட்டு யோஸ்ட் அவன் எதிரே வந்து குந்திக்கொண்டார். கருவியை எடுத்துக் கொடுக்கவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை. வில்பெர்ட் மட்டும் தூரத்திலேயே நின்று, தன் பெயர் அடிபட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்று முடிந்தபோது தோல் அறுபடாமல் அவன் முழங்காலில் தொங்கியது.

காசிமிரா அதை எடுத்தாள். எழுந்து நின்று சூரியனுக்கு நேரே பிடித்தாள். பழுப்பு நிறத் தோல் வழியாக வெயில் அவள் முகத்தில் விழுந்தது.

"தெரியுது" என்றாள்.

தோலைச் சுருட்டிச் சால்வை முனையில் முடிந்துகொண்டாள். எதற்கு என்று அவன் கேட்டான். கீழே தோல் ருசி கண்ட ஒருத்தன் நம்பிக்கையோடு காத்துக்கொண்டிருப்பான், வெறும் கையோடா போவது என்றாள்.

இறங்கும்போது அந்தப் பாறைத் திருப்பம் வந்தது. குமெர்சிந்தோவின் நடை தன்னாலே வேகமானது. ஆனால் முன்னால் போனது காசிமிராதான். திருப்பத்தில் நின்று, கையை நெற்றியில் வைத்து, புல்வெளியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். ஏழும் இருக்கு, மெதுவா வா என்றாள்.